பைல் பாதையும் போல்டர் லிங்கும்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

வன்னியில் கமக்காரர் அமைப்புகளும் சனசமூக நிலையங்களும் தங்களிடம் மிஞ்சிய பழைய பதிவேடுகளை ஸ்கேன் பண்ணிக் கணினியில் ஏற்றி வருகின்றன. பல இடப்பெயர்வுகளைக் கடந்து வந்த தாள்கள் அவை. அநேகமானவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. இந்த வேலைக்குப் புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லிங்க் ஏன் தேவைப்படுகிறது? ஒரே கூட்டக் குறிப்பை ஒருவர் ‘இரணைமடு’ என்று குளத்தின் பேரில் தேடுவார், இன்னொருவர் ‘சிறுபோகம்’ என்று போகத்தின் பேரில் தேடுவார். இரண்டு இடத்திலும் பைலைப் பிரதி எடுத்து வைத்தால் டிஸ்க் நிறைந்துவிடும், ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையதாகவே கிடக்கும். அதனால் பைலை ஓரிடத்தில் வைத்து, மற்ற இடத்தில் போல்டர் லிங்க் (அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் பெயர்) போடுகிறோம். அங்கேதான் சிக்கல்களும் தொடங்குகின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே வேர்தான்: பாதையை வெறும் எழுத்துச் சரமாக நினைத்து வெட்டி ஒட்டி முடிவெடுப்பது. பாதை எங்கே போய் முடிகிறது என்று இயங்குதளத்துக்குத்தான் தெரியும். அதனிடம் திறந்து தரச்சொல்லி, அது தரும் கைப்பிடியை (திறந்த பைலைக் குறிக்கும் எண்) வைத்துக் கேட்கவேண்டும்.

அழைப்புகளின் (புரோகிராம் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் கட்டளைகள்) பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். இடையிலுள்ள சிறுகோடு வாசிக்க வசதிக்காக மட்டும்.

எதற்கும் முதல்: பிழை எண்ணைப் பிடியுங்கள்

‘வேலை செய்யவில்லை’ என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸில் அழைப்பு தோற்ற அடுத்த வரியிலேயே கெட்-லாஸ்ட்-எரரைக் கூப்பிட்டு எண்ணை எடுத்து வையுங்கள். இடையில் ஒரு பிரின்ட் போட்டாலும் எண் மாறிப்போகலாம். பைதானில் சிடைப்ஸ் (இயங்குதள அழைப்புகளை நேரடியாகக் கூப்பிட உதவும் கருவி) வழியாகக் கூப்பிடுகிறவர்கள் நூலகத்தை ஏற்றும்போதே யூஸ்-லாஸ்ட்-எரரை உண்மை என்று கொடுத்து, சிடைப்ஸின் சொந்தக் கெட்-லாஸ்ட்-எரரையே பயன்படுத்தவேண்டும். லினக்ஸில் பிழை எண் எர்நோ என்ற மாறியில் கிடக்கும்.

கிரியேட்-பைல் திருப்பித் தருவது கைப்பிடி. திருப்பும் வகையை நீங்கள் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 32 பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் சிலநேரம் சரிவரும், சிலநேரம் வராது. ‘ஒருக்கா ஓடுது, ஒருக்கா ஓடுதில்லை’ என்று வரும் புகாரில் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

‘அண்ணை, பைல் கண்ணுக்கு முன்னால கிடக்கு, புரோகிராம் இல்லையெண்டு சொல்லுது’

எண் 2 என்றால் கடைசிப் பெயர் இல்லை. எண் 3 என்றால் நடுவில் ஏதோ ஒரு போல்டர் இல்லை, அல்லது பாதை அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. போல்டர் உருவாக்கும்போது 206 வந்தால் சந்தேகமே வேண்டாம், நீளம்தான்.

விண்டோஸின் பழைய எல்லை 260. டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, சாய்கோடு, கடைசியில் வரும் வெற்றுக்குறி (சரம் முடிந்தது என்று காட்டும் சுழியம்) எல்லாம் அதற்குள் அடக்கம். போல்டர் உருவாக்க எல்லை இன்னும் குறைவு, 248. தமிழ்ப் பெயர்களில் இது சீக்கிரம் வந்து இடிக்கும். ‘புதுக்குடியிருப்பு’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. விண்டோஸ் கணக்கில் 18, ஏனென்றால் மெய்க்குப் பிறகு வரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். மாவட்டம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு, குளம், வாய்க்கால், போகம் என்று அடுக்கிக்கொண்டு போனால் கண்ணுக்கு 130 எழுத்துப் பாதையே எல்லையைத் தொட்டுவிடும்.

சரிசெய்ய வழி இரண்டு. விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பிலிருந்து நீண்ட பாதைக்கு அனுமதி உண்டு. ஆனால் கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் திறந்திருக்கவேண்டும், புரோகிராமின் மேனிஃபெஸ்ட்டிலும் (புரோகிராமோடு வரும் அறிவிப்புப் பைல்) சொல்லியிருக்கவேண்டும். ஒன்று மட்டும் போதாது. ஊரில் யாருடைய லப்டொப்பில் ஓடப்போகிறது என்று தெரியாத புரோகிராமுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்லுவேன்: பாதைக்கு முன்னால் \\?\ சேர்ப்பது. அப்போது ஏறக்குறைய 32,767 வரை போகலாம். ஆனால் அந்த முன்னொட்டைப் போட்டுவிட்டால் விண்டோஸ் பாதையைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். முன்சாய்கோட்டைப் பின்சாய்கோடாக மாற்றாது, இரட்டைப் புள்ளியை மேல் போல்டர் என்று புரிந்துகொள்ளாது, சார்புப் பாதையை ஏற்காது. எனவே முதலில் கெட்-புல்-பாத்-நேம் வழியாக முழுப் பாதையாக்கி, அதற்குப் பிறகு முன்னொட்டைச் சேருங்கள்.

லினக்ஸுக்குக் கணக்கு வேறு. ஒரு பெயருக்கு 255 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி (மேலே தனித்தனியாக எண்ணிய யூனிகோட் அலகு) ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே புதுக்குடியிருப்புக்கு 54 பைட் போகும். ஒரு பெயரில் 85 குறிதான் அடங்கும், ஏறக்குறைய நாற்பத்தைந்து எழுத்து. விண்டோஸில் ஒழுங்காக இருந்த நீண்ட பெயர் லினக்ஸ் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும்போது எண் 36 தந்து நிற்பது இதனால்தான். பெயரைக் குறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டத்தின் தலைப்பு முழுவதையும் பைல் பெயரில் எழுதாமல் உள்ளே ஒரு குறிப்பில் வையுங்கள்.

பெயர் முழுவதும் கேள்விக்குறியாக வருகிறது

நீங்கள் கூப்பிட்டது ‘ஏ’யில் முடியும் அழைப்பு. ‘டபிள்யூ’வில் முடிவதைக் கூப்பிடுங்கள். ‘ஏ’ அழைப்பு எழுத்துகளை மாற்றப் பயன்படுத்தும் பழைய முறைக் குறிப்பக்கங்களில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணைகள்) தமிழுக்கென்று ஒன்று கிடையாது, யூனிகோட் மட்டும்தான். அதனால் ‘ஏ’ அழைப்பு ஒவ்வொரு தமிழ்க் குறியையும் கேள்விக்குறியாக்கிவிடும். அந்தப் பெயரை வைத்துத் திறக்கப் போனால் 123 வரும், ஏனென்றால் பைல் பெயரில் கேள்விக்குறிக்கு இடமில்லை. விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்புக்குப் பிறகு மேனிஃபெஸ்ட்டில் யூடிஎஃப்-8ஐக் குறிப்பிட்டு ‘ஏ’ அழைப்பையே ஓட வைக்கலாம். பழைய கணினிகள் புழங்கும் இடத்தில் அதை நம்பவேண்டாம்.

‘கொக்குத்தொடுவாய் ரெண்டு கிடக்கு, ஒண்டுக்க பைல் இருக்கு, மற்றது வெறுமை’

எக்ஸ்புளோரரில் ஒரே பெயரில் இரண்டு போல்டர். எப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இது நம் மொழிக்கென்றே வந்த சிக்கல், கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறி, அல்லது எகரக் குறியும் கால்குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொக்குத்தொடுவாயில் இப்படிப்பட்ட எழுத்து இரண்டு, ‘கொ’வும் ‘தொ’வும். ஆகவே ஒருவிதமாக எழுதினால் 16 குறி, மற்றவிதமாக எழுதினால் 18. டிஸ்க்கில் பைல்களை ஒழுங்குபடுத்தும் முறைகளான விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் எக்ஸ்ட்4உம் இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே பார்க்கும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே சேமிக்கும், ஆனால் இரண்டையும் ஒரே பெயராக நினைக்கும். அதனால் இரண்டு போல்டரையும் ஓர் ஆப்பிள் கணினிக்குப் பிரதி எடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும்போது மாற்றி கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் அங்கேயும் பிரிந்த வடிவம் வந்து சேரும்.

உறுதிப்படுத்த, இரண்டு பெயரையும் குறி குறியாக அச்சிட்டு நீளத்தைப் பாருங்கள். மருந்து: புதிதாகப் பெயர் உருவாக்கும் இடத்தில் மட்டும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது. விண்டோஸில் நார்மலைஸ்-ஸ்ட்ரிங், பைதானில் யூனிகோட்டேட்டா. ஏற்கனவே டிஸ்க்கில் இருக்கும் பைலைத் திறக்கும்போது இதைச் செய்யாதீர்கள். இயங்குதளம் பட்டியலில் என்ன பெயர் தந்ததோ அதே குறிகளைத் திருப்பிக் கொடுங்கள். அதைத் ‘திருத்தி’க் கொடுத்தால் இருக்கும் பைலும் கிடைக்காது.

இன்னொரு வகை இதனாலும் தீராது. பூநகரிப் பக்கத்துக் கௌதாரிமுனையைப் பலர் எகரக் குறியும் ளகரமுமாக ‘கெளதாரிமுனை’ என்று அடிப்பார்கள். ளகரம் தனி எழுத்து என்பதால் நார்மலைஸ்-ஸ்ட்ரிங் அதைத் தொடாது. ஊர்ப்பெயர்களை மக்கள் அடிக்க விடாமல், சரிபார்த்த பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைப்பதே நிரந்தர வழி.

லிங்க் போடவே விடுதில்லை

சிம்லிங்க் என்ற வழமையான லிங்கைப் போடும் கிரியேட்-சிம்பாலிக்-லிங்க் 1314 தந்தால் உரிமை இல்லை என்று பொருள். டெவலப்பர் மோட் போட்ட விண்டோஸ் 10இல் (1703ஆம் பதிப்பு முதல்) அழைப்புக்குக் கொடுக்கும் கொடியில் (தெரிவுகளைச் சொல்லும் எண்) 2ஐச் சேர்த்தால் நிர்வாகி உரிமை வேண்டாம். போல்டருக்கான 1ஐயும் சேர்த்தால் 3. ஆனால் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் டெவலப்பர் மோட் போடச் சொல்வது முறையில்லை. அங்கே ஜங்ஷன் என்ற இன்னொரு வகை லிங்க்தான் நல்லது. அது விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உண்டு, தனி உரிமை கேட்காது. போல்டருக்கு மட்டும்தான் போடலாம், முழுப் பாதைதான் கொடுக்கலாம், அதே கணினியின் டிஸ்க்குக்குத்தான் காட்டலாம்.

ஜங்ஷனை அழைப்பு வழியாகவே போடுவதென்றால் ஒரு வெறும் போல்டரை உருவாக்கி, பேக்கப்-செமான்டிக்ஸ் (போல்டரைத் திறக்க விடுவது), ஓபன்-ரீபார்ஸ்-பொயின்ட் (லிங்கைக் கடந்து போகாமல் லிங்கையே திறப்பது) இரண்டு கொடியோடும் திறந்து, டிவைஸ்-ஐஓ-கன்ட்ரோலுக்கு விபரத்தைக் கொடுக்கவேண்டும். போல்டருக்குள் ஏதாவது இருந்தால் 145. இலக்குப் பாதை \??\ என்று தொடங்கவேண்டும். நீளங்களைப் பைட்டில் கொடுக்கவேண்டும், குறியில் அல்ல. இங்கே தமிழ்க் குறி ஒன்றுக்கு 2 பைட். கணக்குப் பிசகினால் 4392.

அழைப்பு வென்றதா தோற்றதா என்பதே குழப்பமாக இருந்தால், கிரியேட்-சிம்பாலிக்-லிங்க் திருப்பித் தருவது ஒரே ஒரு பைட் என்பதை நினைவில் வையுங்கள். சிடைப்ஸில் முழு எண்ணாக அறிவித்தால் மற்றப் பைட்டுகளில் கிடக்கும் குப்பையும் சேர்ந்து வந்து, தோற்றதை வென்றதாகக் காட்டும்.

லிங்க் விழுந்துவிட்டது, ஆனால் உள்ளே போனால் ‘போல்டர் பெயர் செல்லாது’ என்று 267 வருகிறதா? போல்டருக்கான கொடி 1ஐ மறந்து பைல் லிங்காகப் போட்டிருக்கிறீர்கள். டிலீட்-பைல் வழியாக அந்த லிங்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். லினக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே சிம்லிங்க் அழைப்புக்கு முதலில் இலக்கு, பிறகு லிங்கின் பெயர். விண்டோஸில் முதலில் லிங்கின் பெயர், பிறகு இலக்கு.

பென் டிரைவிலும் பல வெளி டிஸ்க்குகளிலும் இருப்பது எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட். அவற்றில் லிங்கே கிடையாது, எந்த உரிமை கொடுத்தாலும் விழாது. லினக்ஸில் இது எண் 1 ஆக, அதாவது ‘அனுமதியில்லை’ என்று வருவதால் பலர் சூடோ போட்டுப் போட்டுக் களைத்துப் போவார்கள். கெட்-வொல்யூம்-இன்பர்மேஷன் தரும் கொடிகளில் 128 இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, இல்லையென்றால் பயனருக்கு நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

‘கிளிநொச்சியில திறந்தது, முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனா திறக்குதில்லை’

வெளி டிஸ்க் ஒரு கணினியில் இ டிரைவ், அடுத்ததில் எஃப் டிரைவ். லிங்குக்குள் இ என்று எழுதியிருந்தால் அது இல்லாத இடத்தைத்தான் காட்டும். ஜங்ஷனால் இதைத் தீர்க்க முடியாது. சிம்லிங்க் போட்டு இலக்கைச் சார்புப் பாதையாகக் கொடுங்கள், இப்படி: ..\..\குளம்\இரணைமடு\இடதுகரை. அந்தப் பாதை எண்ணப்படுவது லிங்க் இருக்கும் போல்டரிலிருந்து. புரோகிராம் நிற்கும் போல்டரிலிருந்து அல்ல. சாய்கோடும் பின்சாய்கோடாகவே இருக்கட்டும், லிங்குக்குள் எழுதியதை விண்டோஸ் திருத்தாது.

நெட்வொர்க்கில் பகிர்ந்த போல்டரென்றால் 1463 வரலாம். பகிர்விலிருக்கும் சிம்லிங்க் பார்ப்பவருடைய கணினியில்தான் பின்தொடரப்படும். பகிர்விலிருந்து உள்ளூர் டிஸ்க்குக்குக் காட்டும் லிங்குகளை விண்டோஸ் இயல்பாகவே மறித்து வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த தடை அது, திறந்துவிடாதீர்கள்.

‘லிங்கைத்தான் அழிச்சனான், எல்லாப் பைலும் போட்டுது’

இந்தக் குரல் தொலைபேசியில் வந்தால் முதலில் ஒன்றே ஒன்று சொல்லவேண்டும்: கணினியை இப்போதே நிறுத்து. அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக்கூடாது. மீட்கும் மென்பொருளையும் அதே டிஸ்க்கில் நிறுவக்கூடாது. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டித்தான் பார்க்கவேண்டும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்புக் குறைவு, அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

நடந்தது என்னவென்றால், அழிக்கும் புரோகிராம் ஒவ்வொரு போல்டராக உள்ளே இறங்கி, பைல்களை அழித்து, பிறகு போல்டரை அழித்திருக்கிறது. லிங்கையும் போல்டர் என்றே நினைத்து அதற்குள்ளும் இறங்கியிருக்கிறது. லிங்குக்குள்ளே கிடந்தவை மூலப் பைல்கள். ‘போல்டரா?’ என்று கேட்கும் பல வசதிகள் லிங்கைக் கடந்து போய் இலக்கைப் பார்த்து ‘ஆம்’ என்றே சொல்லும். பைதானின் இஸ்டிர் அப்படித்தான். அதன் இஸ்லிங்க் சிம்லிங்கை மட்டும்தான் லிங்க் என்று சொல்லும். ஜங்ஷனை ‘இல்லை’ என்றுவிடும். ஜங்ஷனுக்கென்று இஸ்ஜங்ஷன் வந்தது 3.12இல், 2023ஆம் ஆண்டில். போல்டரை உள்ளடக்கத்தோடு அழிக்கும் ஆர்எம்ட்ரீயும் 3.8க்கு முன்னால் ஜங்ஷனுக்குள் இறங்கி அழித்துவந்தது. பழைய பைதான் ஓடும் கணினிகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன.

சரியான முறை இது. பைண்ட்-பெர்ஸ்ட்-பைல் தரும் தன்மைகளில் 1024 இருந்தால் அது ரீபார்ஸ் பொயின்ட், அதாவது விண்டோஸ் தனியாகக் கையாளும்படி குறியிட்ட பைல் அல்லது போல்டர். உடனே ‘லிங்க்’ என்று முடிவெடுக்கவேண்டாம், மேகச் சேமிப்பு மென்பொருள்களும் தங்கள் பைல்களுக்கு இந்தக் குறியைப் போடும். அதே கட்டமைப்பிலுள்ள ரிசர்வ்ட்-0 என்ற இடத்தில் அதன் வகை எண் இருக்கும். பதின்மக் கணக்கில் ஜங்ஷனுக்கு 2684354563, சிம்லிங்குக்கு 2684354572. பொதுவாகச் சோதிக்க, வகை எண்ணில் 536870912 என்ற பிட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேறொன்றைச் சுட்டும் பெயர். உள்ளே இறங்கக்கூடாது. போல்டர் லிங்கென்றால் ரிமூவ்-டிரெக்டரி, பைல் லிங்கென்றால் டிலீட்-பைல். ரிமூவ்-டிரெக்டரி லிங்கை மட்டும்தான் எடுக்கும், இலக்கைத் தொடாது.

சோதித்ததற்கும் அழிப்பதற்கும் இடையில் வேறு யாராவது போல்டரை லிங்காக மாற்றிவிடலாம் என்ற கவலை இருந்தால், ஓபன்-ரீபார்ஸ்-பொயின்ட் கொடியோடு திறந்து, அந்தக் கைப்பிடியிலேயே தன்மையைச் சோதித்து, அதே கைப்பிடி வழியாகவே அழியுங்கள். லினக்ஸில் தன்மையைப் பார்க்க, ஸ்டாட்டுக்குப் பதில் லிங்கைக் கடந்து போகாத எல்ஸ்டாட். இறங்கும்போது ஓபன்அட் அழைப்பில் நோஃபொலோ கொடி. அழிக்க அன்லிங்க்அட்.

அப்புறம் ஒரு வெள்ளோட்டம், இதைத் தவிர்க்கவே கூடாது. ‘சோதனை’ என்று ஒரு போல்டர், அதற்கு வெளியே ‘மூலம்’ என்று இன்னொன்று. மூலத்துக்குள் பெறுமதியில்லாத பைல் ஒன்று. சோதனைக்குள்ளிருந்து மூலத்துக்கு ஒரு ஜங்ஷனும் ஒரு சிம்லிங்கும். உங்கள் புரோகிராமால் சோதனையை அழியுங்கள். மூலத்துக்குள் அந்தப் பைல் இருக்கிறதா? இருந்தால் மட்டும் அந்தப் புரோகிராமை ஊருக்குள் கொண்டுபோங்கள். அப்போதும் ஸ்கேன்களின் இன்னொரு பிரதி, எந்தக் கணினியிலும் மாட்டாத டிஸ்க்கில், அலுமாரிக்குள் இருக்கவேண்டும்.

முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது

லிங்க் ஒன்று தன் மேல் போல்டரையே காட்டுகிறது. பாதை ‘குளம்\போகம்\குளம்\போகம்’ என்று வளர்ந்துகொண்டே போகும். லினக்ஸ் ஒரே பாதையில் 40 லிங்க் தாண்டினால் பிழை எண் 40 கொடுத்து நிறுத்தும். விண்டோஸில் 1921 வரும். பாதையை ஒப்பிட்டு வட்டத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் பாதை புதிதாகத்தான் இருக்கும். கெட்-பைல்-இன்பர்மேஷன்-பை-ஹேண்டில் தரும் டிஸ்க் தொடர் எண்ணையும் பைல் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, ஏற்கனவே வந்த இடமென்றால் திரும்புங்கள். லினக்ஸில் ஸ்டாட் தரும் எஸ்டி-டெவ், எஸ்டி-ஐநோ. ‘இந்த இரண்டு பாதையும் ஒரே பைலா?’ என்ற கேள்விக்கும் இதே சோதனைதான்.

பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால்

‘கிளி.’, ‘முல்லை.’ என்று சுருக்கி எழுதுவது நம் வழக்கம். விண்டோஸ் பெயரின் கடைசிப் புள்ளியையும் இடைவெளியையும் வெட்டிவிடும். லினக்ஸிலிருந்து அப்படி ஒரு போல்டர் வந்துவிட்டால் எக்ஸ்புளோரரில் தெரியும், திறக்காது. \\?\ போட்ட பாதையால் பெயரை மாற்றிவிடுங்கள். ‘சிறுபோகம்:2’ என்று முக்காற்புள்ளி வைத்தால் இன்னும் மோசம். என்டிஎஃப்எஸ் ‘சிறுபோகம்’ என்ற வெறும் பைலை உருவாக்கி, நீங்கள் எழுதியதை அதற்குள் ‘2’ என்ற மறைவான ஓடையில் வைத்துவிடும். பைல் அளவு சுழியம் என்று காட்டும். பென் டிரைவுக்குப் பிரதி எடுத்தால் உள்ளடக்கம் போய்விடும்.

லிங்க் எங்கே போகிறது என்று கேட்டால் விசித்திரமான பதில்

கெட்-பைனல்-பாத்-நேம்-பை-ஹேண்டில் தரும் பாதை \\?\ என்று தொடங்கும். அது பிழையல்ல. பயனருக்குக் காட்டும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். போல்டரைத் திறக்கவே 5 வந்தால் பேக்கப்-செமான்டிக்ஸ் கொடியை மறந்திருப்பீர்கள். தாங்கி (பதிலை வாங்க ஒதுக்கிய நினைவிடம்) சிறியதாக இருந்தால் வெற்றுக்குறியையும் சேர்த்துத் தேவையான நீளத்தைத் தரும், வென்றால் அது சேராத நீளத்தைத் தரும். ஆகவே திரும்பிய எண் தாங்கியின் அளவைவிடச் சிறியதா என்று பார்த்தபிறகே பாதையை நம்புங்கள். லினக்ஸின் ரீட்லிங்க் இன்னும் ஆபத்தானது. கடைசியில் வெற்றுக்குறி வைக்காது, இடம் போதாவிட்டால் சொல்லாமலே வெட்டிவிடும். தமிழ்க் குறி 3 பைட் என்பதால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம், பெயரின் வாலில் கறுப்பு வைரக் கேள்விக்குறி தெரியும். திரும்பிய எண் தாங்கியின் அளவுக்குச் சமமாக இருந்தால் வெட்டப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, தாங்கியை இரட்டித்து மறுபடி கூப்பிடுங்கள்.